சுவர்க்கோழி எங்கே கத்துகிறது என்று ஏன் தெரிவதில்லை?

ராத்திரி விளக்கை அணைத்ததும் அறைக்குள் சுவர்க்கோழி கத்த ஆரம்பிக்கிறது. பீரோவுக்குப் பின்னாலா, கட்டிலுக்கு அடியிலா, ஜன்னல் பக்கமா என்று எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் பிடிபடவில்லை. அதே ஆள், சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் சட்டென்று சரியான பக்கம் திரும்பிவிடுகிறார். இரண்டு காதும் ஒழுங்காக இருக்கும்போது ஏன் இந்த வித்தியாசம், ஒரு காது கேட்காதவருக்கு நிலைமை என்ன என்பது கேள்வி.

உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. திசை கண்டுபிடிக்க மூளைக்கு வேண்டிய துப்பு எதையும் அந்தப் பூச்சி ஒழுங்காகத் தருவதில்லை. கரண்டியோ எல்லாத் துப்பையும் ஒரே நொடியில் கொட்டிவிடுகிறது. அந்தத் துப்புகள் என்னென்ன என்று பார்த்தால் மீதி விளங்கிவிடும்.

கண்ணில் இடது பக்கப் பொருளின் பிம்பம் விழித்திரையில் ஓர் இடத்திலும், வலது பக்கப் பொருளின் பிம்பம் வேறோர் இடத்திலும் விழும். இடம் அங்கேயே பதிவாகிவிடுகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. உட்காதிலுள்ள நத்தைக்கூடு ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும். கீச்சு ஓசை அதன் வாசலருகே பதிவாகும், கட்டை ஓசை உள்ளே நுனியில் பதிவாகும். திசைக்கென்று அங்கே தனி இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. இரண்டு காதுக்கும் வந்து சேர்ந்ததை ஒப்பிட்டு மூளை போடும் கணக்கின் விடைதான் திசை.

முதல் கணக்கு, நேரம். 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். தலையை 8.75 செ.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி, வலக் காதைத் தொட்டபின் தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதுக்குப் போக சுமார் 656 மைக்ரோநொடி ஆகிறது. மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு காதுக்கும் நடுவே வரக்கூடிய அதிகபட்ச வித்தியாசமே இவ்வளவுதான். நேர் எதிரிலிருந்து 45 டிகிரி தள்ளியிருந்தால் 380, 10 டிகிரி என்றால் 90, ஒரே ஒரு டிகிரி என்றால் வெறும் 9 மைக்ரோநொடி. ஹெட்ஃபோனில் சோதித்தால், பயிற்சியுள்ளவர் 10 மைக்ரோநொடி வித்தியாசத்தையே இடம், வலம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார். அந்த நேரத்தில் ஒலி நகரும் தூரம் மூன்றரை மில்லிமீட்டர். ஒரு நரம்புத் துடிப்பு கிட்டத்தட்ட ஆயிரம் மைக்ரோநொடி நீடிக்கும். அதைக் கருவியாக வைத்துக்கொண்டு 10 மைக்ரோநொடியை அளப்பது, மரம் அறுக்கும் ரம்பத்தால் நகம் வெட்டுகிற மாதிரி. ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் சேர்ந்து செய்வதால்தான் அது நடக்கிறது.

பக்கவாட்டில் இந்தக் கூர்மை குறைந்துவிடும். சத்தம் 80 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு நகர்ந்தால் நேர வித்தியாசம் சுமார் 50 மைக்ரோநொடிதான் மாறும். எதிரே அதே 10 டிகிரிக்கு 90 மாறுகிறது. சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்புவது கண்ணுக்காக மட்டும் என்று நினைக்கவேண்டாம். காதுக்கும் முன்பக்கம்தான் கூர்மையான பக்கம். அங்கே ஒரு டிகிரி விலகலையும் பிடித்துவிடும்.

இந்த ஒப்பீடு மூளைத்தண்டில், சுப்பீரியர் ஆலிவ் என்ற சிறு நரம்புக் கூட்டத்தில் நடக்கிறது. இரண்டு காதின் செய்தியும் முதன்முதலில் சந்திக்கும் முக்கியமான இடம் அது. அதன் உள்பகுதி நேரத்தையும் வெளிப்பகுதி சத்த அளவையும் ஒப்பிடுகின்றன. நேரத்தை எப்படி அளக்கிறது என்பதற்கு 1948இல் லாய்ட் ஜெஃப்ரஸ் ஒரு மாதிரி சொன்னார்: வெவ்வேறு நீளமுள்ள நரம்பிழைகள் செய்தியை வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும், இரு பக்கச் செய்தியும் ஒரே சமயத்தில் வந்து மோதும் நரம்பணு மட்டும் துடிக்கும், எந்த அணு துடித்தது என்பதே திசை. கூகை ஆந்தையின் மூளையில் ஏறக்குறைய இதே அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளில் அப்படியே இருக்கிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அங்கே தடுப்புச் செய்திகளுக்கும், அதாவது நரம்பணுவைத் துடிக்கவிடாமல் அடக்கும் செய்திகளுக்கும், பெரிய பங்கு உண்டு என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

இப்போது சுவர்க்கோழிக்கு வருவோம். வயலிலும் வீட்டிலும் கத்தும் சுவர்க்கோழிகள் பெரும்பாலும் 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு), ஏறக்குறைய ஒரே சுருதியில் கத்துகின்றன. 4,500 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 222 மைக்ரோநொடி. பக்கவாட்டு ஒலிக்கான 656 மைக்ரோநொடி தாமதத்துக்குள் இப்படிக் கிட்டத்தட்ட மூன்று அலைகள் அடங்கிவிடும். இடக் காதில் இப்போது எழும் மேடு, வலக் காதின் எந்த மேட்டுக்குச் சோடி? முந்தியதற்கா, அதற்கும் முந்தியதற்கா? ஒரே மாதிரிச் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது யார் எந்த வகுப்பு என்று கேட்பதுபோல. அதோடு, சுமார் 1,400 ஹெர்ட்ஸுக்கு மேல் இரு காதின் அலை மேடுகளையும் ஒப்பிடும் திறமை மனிதருக்கு அடியோடு போய்விடுகிறது. ஆக நேரக் கணக்கு இந்தப் பூச்சியிடம் செல்லாது. கத்தல் விட்டுவிட்டு வருகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தை ஒப்பிடலாமே என்றால், ஒப்பிடலாம்தான். ஆனால் அது எழும்பும் வேகம் மெதுவானது. அதில் கிடைக்கும் துல்லியமும் மட்டம்.

இரண்டாவது கணக்கு, சத்த அளவு. தலை ஒரு தடுப்புச் சுவர் மாதிரி, தூரத்துக் காதின்மேல் நிழல் போடும். ஆனால் எந்த ஒலிக்கு நிழல் விழும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 69 செ.மீ. அது தலையைச் சிறு கல்லைத் தாண்டும் வெள்ளம்போல் சுற்றிக்கொண்டு போய்விடும், நிழலே விழாது. 5,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 செ.மீ.தான். தலை அதைவிடப் பெரியது, நன்றாக மறைக்கும். நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால் இரு காதுக்கும் வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டும். இன்னும் உயர்ந்த ஒலிகளில் 20 டெசிபல் வரை போகும். கட்டை ஓசைக்கு நேரம், கீச்சு ஓசைக்கு அளவு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை 1907இல் எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ரேலே பிரபு, அதற்கு மூன்று வருடம் முன்பு இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். இரண்டு ஏற்பாடும் பலவீனமாக இருக்கும் நடுப் பகுதி ஒன்று உண்டு. 1936இல் ஹார்வர்டில் ஸ்டீவன்ஸ், நியூமன் இருவரும் எதிரொலி வரக்கூடாதென்று கட்டடத்தின் மொட்டைமாடியில் உயரமாக நாற்காலி போட்டு ஆளை உட்காரவைத்துச் சோதித்தார்கள். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில்தான் தவறு அதிகம் வந்தது. வீட்டு யூ.பி.எஸ்., புகை அலாரம், வாஷிங் மெஷின் போன்றவற்றின் பீப் ஒலியில் பெரும்பாலானவை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் வருபவை. எந்தச் சாதனம் கத்துகிறது என்று வீடு முழுக்கத் தேடி அலைவதற்கு இது ஒரு காரணம். கைப்பேசியை அடிக்கடி எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் ரிங்டோனாகப் பறையடியோ உறுமியோ வைத்துக்கொண்டால் தேடும் நேரம் குறையும். தாளவாத்திய அடியில் கட்டையும் கீச்சும் சேர்ந்தே இருக்கும், ஒவ்வொரு அடியும் வெடுக்கென்று தொடங்கும்.

4,500 ஹெர்ட்ஸில் தலை நன்றாக நிழல் போடும் என்றால், அளவுக் கணக்காவது சுவர்க்கோழியைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே? திறந்த வயலில் ஓரளவு காட்டிக்கொடுக்கும். அறைக்குள் காரியத்தைக் கெடுப்பது சுவர். ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிநொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு, ஆகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பூச்சியின் சத்தம் காதை எட்டிய சில மில்லிநொடிக்குள் நாலு சுவர், தரை, கூரை, பீரோக் கதவு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வர ஆரம்பித்துவிடும். ஒரே சுருதி என்பதால் நேர் ஒலியும் எதிரொலிகளும் ஓரிடத்தில் கூடிப் பெரிதாகின்றன, சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கின்றன. 4,500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7.6 செ.மீ., அதில் பாதி 4 செ.மீ.கூட இல்லை. தலையை அவ்வளவு அசைத்தாலே சத்தம் உரத்தோ மங்கியோ கேட்கும். இடக் காது மேட்டிலும் வலக் காது பள்ளத்திலும் மாட்டினால், பூச்சி வலப்பக்கம் இருந்தாலும் சத்தம் இடப்பக்கம் என்று மூளை சத்தியம் செய்யும். திரும்பிப் படுத்தால் வேறு பக்கம்.

எதிரொலி கரண்டிக்கும்தான் வருகிறது. ஆனால் அதைச் சமாளிக்க மூளையில் ஒரு விதி இருக்கிறது: முதலில் வந்ததை நம்பு, அடுத்து வருவதைத் திசைக்காகக் கணக்கில் எடுக்காதே. முந்திய அலை விதி என்று சொல்லலாம். 1949இல் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் மூவரும் இதை அளந்து எழுதினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸும் பேச்சொலியை வைத்து அளந்தார். 'டக்' போன்ற சிறு ஒலிக்கு முதல் ஒலி வந்து சுமார் 5 மில்லிநொடிக்குள் வரும் எதிரொலி தனியாகக் கேட்காது, முதலாவதோடு ஒட்டிக்கொள்ளும். பேச்சுக்கு இது 40 மில்லிநொடி வரைகூட நீளும். கல்யாண மண்டபத்தில் மேடை ஸ்பீக்கர் ஒலி உங்கள் பக்கம் வருவதற்குள் பக்கத்து ஸ்பீக்கர் முந்திக்கொண்டால், பேசுகிறவர் பக்கத்துத் தூணுக்குள் இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். விவரம் தெரிந்த சவுண்டு சர்வீஸ்காரர் தூரத்து ஸ்பீக்கர்களுக்குத் தாமதம் கொடுப்பார்: மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளியிருந்தால் 100 மில்லிநொடி, அதற்கு மேல் 10 அல்லது 15 மில்லிநொடி கூடுதலாக. அப்போது காது மேடையை நம்பும், சத்தம் மட்டும் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து கிடைக்கும்.

இந்த விதிக்கு வேண்டியது ஒரு தொடக்கம். கரண்டி விழுந்த 'டங்'கின் முதல் ஓரிரு மில்லிநொடி சுத்தமானது, சுவர்கள் இன்னும் பதில் சொல்லியிருக்காது. அந்தத் துளியை மூளை பிடித்துக்கொள்கிறது. மெதுவாக எழும்பி நீளும் ஒற்றைச் சுருதிக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள முனை கிடையாது. இந்த விதி எவ்வளவு பிடிவாதமானது என்று 1960இல் ஹாலந்தின் ஃப்ரான்சன் ஒரு வேடிக்கையால் காட்டினார். அறையில் இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் ஒற்றைச் சுருதி சட்டென்று தொடங்கி உடனே தணிகிறது. அது தணியத் தணிய மற்றொன்றில் அதே சுருதி மெல்ல எழுந்து நிலைக்கிறது. முதல் ஸ்பீக்கர் ஊமையாகி வெகுநேரம் ஆனபின்பும், சத்தம் அங்கிருந்தே வருகிறது என்று கேட்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். எதிரொலியே இல்லாத அறையில் இந்த வித்தை பலிக்காது. இரைச்சல் போன்ற அகன்ற ஒலியை வைத்தும் பலிக்காது.

மிச்சம் இருப்பது மேல், கீழ், முன், பின். நேர் எதிரே இருக்கும் ஒலியும் நேர் பின்னால் இருக்கும் ஒலியும் இரு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அடைகின்றன. உச்சந்தலைக்கு மேல் இருப்பதும் அப்படியே. இதைப் பிரிப்பது காதுமடலின் மடிப்புகள். அந்த மேடு பள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலந்து, சில அதிர்வெண்களை அமுக்கி சிலவற்றைத் தூக்கும். ஒலி கீழிருந்து மேலே ஏற ஏற, 6,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் மேல்நோக்கி நகரும். எந்தப் பள்ளம் எந்த உயரம் என்பதை மூளை சிறு வயதிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. 1998இல் நெதர்லாந்தில் சிலருடைய காதுமடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். உயரம் கண்டுபிடிப்பது உடனே குழம்பிப்போனது, இடம் வலம் குழம்பவில்லை. ஒரு மாதம் போல அச்சோடு நடமாடியபின் புதுக் காது பழகிவிட்டது. அச்சை எடுத்ததும் பழைய காது ஒரு தடையும் இல்லாமல் வேலை செய்தது. புது மொழி கற்றதால் தாய்மொழி மறந்துவிடவில்லை என்பதுபோல.

பள்ளம் தெரியவேண்டுமென்றால் ஒலி அகலமாக இருக்கவேண்டும். சுவர்க்கோழியின் ஒல்லியான ஒற்றைச் சுருதியில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது. 1870களில் ரேலே தன் வீட்டுப் புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று இதைச் சோதித்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் பேசினால் திசை சரியாகத் தெரிந்தது. இசைக்கவையைத் தட்டினால் இடமா வலமா என்று தெரிந்தது, முன்னா பின்னா என்று தெரியவில்லை. இன்னும் விசித்திரம், முன்னும் பின்னும் குழம்பும்போது மூளை சுருதியைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஒல்லியான ஒலிப் பட்டைகளில் 8,000 ஹெர்ட்ஸ் சார்ந்தவை தலைக்கு மேலிருந்தும், 1,000 சார்ந்தவை பின்னாலிருந்தும், 4,000 சார்ந்தவை முன்னாலிருந்தும் வருவதாகவே தோன்றும், உண்மையில் ஸ்பீக்கர் எங்கே இருந்தாலும் சரி. ஜெர்மனியில் ப்ளாவர்ட் கண்டது இது. சுவர்க்கோழி அந்த 'முன்னால்' பட்டையில் விழுகிறது. முதுகுக்குப் பின்னால் கத்தினாலும் எதிரே கத்துவதுபோல் இருக்கும்.

ஆண் பூச்சி கத்துவதே பெண் பூச்சி கண்டுபிடித்து வரத்தானே, அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவர்க்கோழியின் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. உடம்பு அலைநீளத்தைவிடச் சின்னது என்பதால் நிழலும் விழாது. அதற்குப் பதிலாக இரண்டு காதையும் உடலுக்குள் ஒரு மூச்சுக்குழல் இணைக்கிறது. செவிப்பறையை வெளியிலிருந்து ஒரு அலையும், மறுபக்கத்திலிருந்து குழல் வழியே வந்த அலையும் அடிக்கின்றன. திசைக்கு ஏற்ப அவை கூடும் அல்லது கழியும். அந்த இனத்தின் சுருதிக்கென்றே இழைத்த கருவி. அந்தச் சத்தத்தைக் கேட்டு வரும் இன்னொரு விருந்தாளியும் அமெரிக்காவில் உண்டு: ஓர்மியா என்ற ஈ. சுவர்க்கோழியின்மேல் தன் புழுக்களை விட்டுவிடும். அதன் இரு காதுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான். செவிப்பறைகள் இரண்டும் ஒரு சீசாப் பலகைபோல இணைந்திருப்பதால், மயிரிழை வித்தியாசத்தையும் பெருக்கிக்கொண்டு 2 டிகிரித் துல்லியத்தில் போய் இறங்கும்.

சரி, அறையில் இருக்கிற பூச்சியை நாம் எப்படிப் பிடிப்பது? இரு காதுக் கணக்கு தப்புத் தப்பாக விடை சொல்லும் இடத்தில் அதை நம்பாமல், ஒற்றைக் காதைத் திசைக் கருவியாக மாற்றிக்கொள்வதுதான் வழி. மின்விசிறியை நிறுத்துங்கள். சுவரை ஒட்டி நிற்காமல் அறையின் திறந்த பகுதியில் நின்று, ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக முழுச் சுற்று திரும்புங்கள். ஒவ்வொரு நிலையிலும் தலையை 10, 15 செ.மீ. முன்னும் பின்னும் அசைத்து, மேடு பள்ளங்களின் சராசரியைக் கவனியுங்கள். திறந்த காது எந்தப் பக்கம் பார்க்கும்போது சத்தம் உச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று இன்னொரு முறை. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம். செய்தித்தாளை, வாய் ஒரு சாண் அகலமிருக்கும்படி கூம்பாகச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டால் திசைக் கூர்மை இன்னும் ஏறும், 7.6 செ.மீ. அலைக்கு அந்த வாய் போதுமான பெரியது. உயரம் தெரியாவிட்டால் தலையைத் தோளை நோக்கி நன்றாகச் சாய்த்துக் கேளுங்கள். மேல், கீழ் என்பது இடம், வலமாக மாறிவிடும்.

கிட்டே போனதும் கத்தல் நின்றுவிடும். தரை அதிர்வையும் வால்முனைக் கொம்புகளில் படும் காற்றசைவையும் அது உணர்ந்துவிடுகிறது. அங்கேயே அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். பலரும் செய்யும் தவறு, நடந்துகொண்டே தேடுவது. கடைசி அரை மீட்டரில் குழப்பம் இருந்தால் ஒரு கனமான போர்வையை ஒவ்வொரு சாமானாக மூடிப் பாருங்கள். கீச்சொலி போர்வையில் எளிதாக அமுங்கும், எதை மூடியதும் மங்குகிறதோ அதற்கு அடியில் டார்ச் அடிக்கலாம்.

நேரக் கணக்கை வீட்டிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரி டியூப் ஒன்றரை மீட்டர் போதும். சரிபாதியில் ஒரு கோடு, அதற்கு இருபுறமும் ஒரு செ.மீ. இடைவெளியில் ஐந்தைந்து கோடுகள். உட்கார்ந்தவர் இரண்டு முனைகளையும் காது வாசலில் பிடிக்கவேண்டும், உள்ளே திணிக்கக்கூடாது. நடுப்பகுதி அவருக்குப் பின்னால் மேசைமேல் கிடக்கட்டும். இன்னொருவர் பென்சில் முனையால் கோடுகளில் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்ட, இடமா வலமா என்று அவர் சொல்லவேண்டும். நடுவிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தட்டினால் இரு பாதைக்கும் 2 செ.மீ. வித்தியாசம், சுமார் 58 மைக்ரோநொடி, எதிரே ஆறரை டிகிரி விலகலுக்குச் சமம். பெரும்பாலானவர்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். ஒரு கோட்டுக்கு 20 தட்டு வையுங்கள். 15க்கு மேல் சரியாக வந்தால் அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. டியூப் எங்காவது மடங்கியிருந்தால் அந்தப் பக்கம் சத்தம் குறைந்து, எல்லா விடையும் மறுபக்கமே சாயும். ஓங்கித் தட்டினால் காற்று வழியாகவே கேட்டு, சோதனை பொய்யாகும்.

இதுவரை சொன்னது இடம் கண்டுபிடிப்பது. சத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் இரண்டு காது உதவுகிறது. அமைதியான அறையில் இரண்டு காதால் கேட்டால் ஒற்றைக் காதைவிடச் சுமார் 3 டெசிபல் மெல்லிய ஒலி வரை கேட்கும். அது பெரிய லாபம் இல்லை. இரைச்சலில்தான் வேடிக்கை. ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு மோனோ டிராக்கில் வெள்ளை இரைச்சல் போடுங்கள். இன்னும் இரண்டு மோனோ டிராக்கில் ஒரே 500 ஹெர்ட்ஸ் சுருதியை அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம் என்று வைத்து, ஒன்றை முழு இடத்துக்கும் மற்றதை முழு வலத்துக்கும் தள்ளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டபடி, சுருதி இரைச்சலில் மூழ்கி மறையும்வரை இரண்டையும் சமமாகக் குறையுங்கள். இப்போது வலப்பக்கச் சுருதியை மட்டும் 'இன்வர்ட்' செய்து அலையைத் தலைகீழாக்குங்கள். அளவு ஒரு துளியும் கூடவில்லை, ஆனாலும் மறைந்த சுருதி இரைச்சலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும். 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இந்த லாபம் 15 டெசிபல் வரை போகிறது. 1948இல் ஹிர்ஷும் லிக்லைடரும் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். இரைச்சல் இரு காதிலும் ஒன்றுபோல இருப்பதால் மூளை அதைக் கழித்துவிட முடிகிறது, எஞ்சுவது சுருதி. ஸ்பீக்கரில் போட்டால் இது வராது, இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்டுவிடும். எம்.பி.3 ஆகச் சேமித்தாலும் கெட்டுப்போகலாம், வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கழித்தலும் சேர்ந்துதான் பந்தி இரைச்சலில் எதிரே இருப்பவர் பேச்சை நமக்குப் பிரித்துத் தருகிறது. ஒரு காது கேட்காதவருக்கு இழப்பு முக்கியமாக இங்கேதான். அமைதியான அறையில் ஓர் ஆள் பேசினால் அவருக்குப் பெரிய சிரமம் இருக்காது. சுற்றிலும் இருப்பவர்கள், "நல்லாத்தான் கேக்குது, காதுல வாங்க மாட்டேங்கிறாரு" என்று சொல்வதும் இதனால்தான். கேட்காத காதின் பக்கம் பேசுகிறவர், நல்ல காதின் பக்கம் இரைச்சல் என்று அமைந்தால் தலை நிழல் அவருக்கு எதிராகவே வேலை செய்யும். ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் உயர் ஒலிகள் முதலில் மறையும். ஓட்டலில் கேட்காத காதைச் சுவர்ப் பக்கமும் நல்ல காதை ஆட்கள் பக்கமும் வைத்து உட்காரலாம். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் காரில், இடக் காது கேட்காதவருக்கு ஓட்டுநர் பக்கத்து முன்சீட்டு நல்ல இடம். அவரே ஓட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சு சரியாக எட்டாது. வகுப்பில் ஒரு காது கேட்காத பிள்ளையை முன்வரிசையில், நல்ல காது ஆசிரியர் பக்கமாகவும் ஜன்னல் இரைச்சலுக்கு எதிர்ப்பக்கமாகவும் உட்காரவைக்கச் சொல்லுங்கள். சாலையில் ஹாரன் எந்தப் பக்கம் என்பதை ஒரு காது கேட்காதவருக்குக் காது சொல்லாது; எல்லாச் சத்தமும் நல்ல காதின் பக்கமே கேட்கும். இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும். இரு காதும் நன்றாக உள்ளவர்களுக்கும் மூடிய காரில் ஆம்புலன்ஸ் திசை தெரியாது, ஒரே ஒரு கண்ணாடியை இறக்கினால் சத்தம் அந்தப் பக்கமிருந்தே வருவதாகத் தோன்றும். அங்கே நம்பவேண்டியது பின்பார்வைக் கண்ணாடியை.

காது மிஷின் வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டு காதிலும் குறை என்றால், இரண்டுக்கும் ஒரே மாடல் போடுவது நல்லது. டிஜிட்டல் கருவி ஒலியைப் பதப்படுத்தி வெளியே விடச் சில மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். திசைக் கணக்கின் மொத்தத் தொகையே முக்கால் மில்லிநொடிக்கும் கீழே. இரண்டு கருவியின் தாமதமும் வேறாக இருந்தால் கணக்கு எங்கே தேறும்? காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் மைக் மடலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் மடிப்புகளின் துப்பு கிடைக்காது. முன், பின் குழப்பம் சில வாரம் இருக்கும், சிலருக்குத் தீராமலும் போகும். உரத்த பக்கத்தைக் கருவி தானாக அமுக்கினால் தலை நிழல் தந்த வித்தியாசம் கரைந்துவிடும். இரண்டு கருவியும் கம்பியில்லாமல் பேசிக்கொண்டு ஒத்து அமுக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு காது முழுவதும் போனவர்களுக்கு, அந்தப் பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவி தலை நிழலைத் தாண்ட உதவும், திசையைத் தராது. எல்லாம் கடைசியில் ஒரே நத்தைக்கூட்டுக்குத்தானே போகிறது. திசையை ஓரளவாவது மீட்பது, கேட்காத காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது நத்தைக்கூட்டுக்குள் மின்முனைகளை வைத்து நரம்பை நேராகத் தூண்டும் கருவி.

காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல் இருந்தால், சளியா அழுக்கா என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதில் உரத்துக் கேட்டால், பெரும்பாலும் அது அழுக்கு அல்லது நடுக்காதுச் சளி போன்ற தடையாக இருக்கும். நல்ல காதில் உரத்துக் கேட்டால் உட்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போய் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்கவேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் கழிந்தபின் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். முனகல் சோதனை அவசரத்துக்கு ஒரு துப்புதான். அதில் தெளிவாக ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆடியோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம்.